ஆவாரை பற்றிய ஒரு வாக்குமூலம்

சென்ற ஆண்டு கொழும்பிலே பெரியதொரு கடையின் தட்டிலே ஆவாரம்பூவைக் கண்டேன். பச்சை நிறப் பெட்டியொன்றினுள் சின்னஞ்சிறு பைகளாக அடைபட்டுக் கிடந்தது. சிங்களத்தில் ரணவரா என்றும் தமிழில் ஆவாரை என்றும் மேலே அச்சிட்டிருந்தார்கள். இயற்கையானது என்றும் பக்கவிளைவு அற்றது என்றும் எழுதி, அவற்றின் கீழே பரிசோதிக்கப்பட்டது என்ற ஒரு சொல்லையும் சேர்த்திருந்தார்கள். முதலிரண்டு கூற்றுகளும் வியாபாரத்தின் வழக்கமான பேச்சு. அவற்றைக் கண்டு எவரும் கோபிப்பதில்லை. மூன்றாவது சொல்லின் முன்னால் மட்டும் நான் சற்று நேரம் நின்றுவிட்டேன். யார் பரிசோதித்தார்கள்? எதன்மீது? எத்தனை நாள்? பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் விடை இல்லை. கடைப் பையன் என்னை ஐயத்தோடு நோக்கத் தொடங்கியதால் பெட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அந்தச் சொல்லோடு எனக்கு நாற்பது வருடத்து வழக்கு ஒன்று உண்டு. இதுவரை எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பல் அன்று. அதனையும் பின்னால் சொல்லிவிடுகிறேன்.

ஆவாரையை அறியாத தமிழர் அரிது. இலங்கையிலே மன்னார், புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற வரண்ட கரையோரங்களில் நீர் ஊற்றுவாரின்றி வளரும் செடி. வெயிலில் ஊரே காய்ந்து கிடக்கும்போதும் மஞ்சளாகப் பூத்து நிற்கும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. தட்டையான அதன் காயைப் பார்த்தாலே உறவு விளங்கிவிடும். பட்டையைத் தோல் பதனிடுவதற்கு எடுத்தார்கள். இலையையும் பூவையும் அவித்துக் குடித்தார்கள். வெள்ளைக்காரர் அதற்கு மாத்தறைத் தேயிலை என்றே பெயர் வைத்தனர். தேயிலைத் தோட்டங்களின் தேநீர் ஏழையின் அடுப்புக்கு வந்து சேருமுன்னர், தெற்கிலும் வடக்கிலும் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே செடியைத்தான் அவித்துக் குடித்தார்கள் என்பதை நம்மிற் பலர் மறந்துவிட்டோம். ஆவாரை பூத்திருக்கும் ஊரிலே சாவு இல்லை என்ற பொருளில் நம்மிடையே பழமொழியும் வழங்குகிறது.

என் தகப்பனார் வடமராட்சியிலே ஒரு பரியாரியார். பரம்பரை வைத்தியர். அரசாங்கத்தின் பதிவு பெற்றவர். எனினும் ஊரார் நம்பியது அந்தக் கடதாசியை அன்று, அவருடைய தகப்பனாரின் பெயரை. சலரோகத்துக்கு ஆவாரை சேர்ந்த குடிநீர் கொடுப்பார். சொறிக்கும் சிரங்குக்கும், குழந்தைகளுக்கு வாய்நீர் ஓயாது வடிவதற்கும் கிலுகிலுப்பை இலையின் சாறு கொடுப்பார். கிலுகிலுப்பையும் அவரைக் குடும்பமே. காய்ந்த காயினுள் விதைகள் கலகலவென ஒலிக்கும். மருந்துக்கு இலை பறிக்க என்னை அனுப்பினால், காய்களை மடியில் கட்டிக்கொண்டு ஆட்டிக்கொண்டே வருவேன். இலை வாடிவிட்டதென்று ஏச்சும் கிடைக்கும்.

அவரிடம் வந்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். புகையிலைத் தோட்டத்துக் கூலிகள், சீவல் தொழிலாளர், கடலுக்குப் போவோர், அவர்களுடைய பெண்டு பிள்ளைகள். பணம் உள்ளவன் பஸ் ஏறிப் பட்டணத்து டொக்டரிடம் போனான். ஒருநாள் வேலையை இழந்து ஆசுப்பத்திரி வரிசையில் நிற்க இயலாதவனே எங்கள் திண்ணைக்கு வந்தான். நம் முற்போக்காளர் நாட்டு வைத்தியத்தை மக்களின் வைத்தியம் என்று போற்றியது வெறும் சுலோகம் அன்று. அதில் உண்மை இருந்தது. 1961இல் ஆயுர்வேதச் சட்டம் வந்ததும், மறு ஆண்டு நாவின்னையிலே பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டதும் அந்த உணர்வின் பலன்களே. அந்நியன் இகழ்ந்த ஒன்றை நாம் தலை நிமிர்ந்து ஆராயலாம் என்ற எண்ணம் அதிலே இருந்தது. ஆராய்வது என்றால், வேண்டாத முடிவு வந்தாலும் ஏற்றுக்கொள்வது என்பதும் அதனுள் அடங்கும். நம்மவர் பலர் அங்கேதான் சறுக்கினார்கள். நானும் சறுக்கினேன்.

1982இல் நான் பேராதனையிலே விஞ்ஞான மாணவன். மக்கள் வழங்கும் மருந்துகளை ஆராயும் சர்வதேசச் சஞ்சிகையொன்றிலே முந்திய ஆண்டு வெளியான ஒரு கட்டுரை நூலகத்திலே என் கையில் அகப்பட்டது. எழுதியவர்கள் அர்சகுலரத்ன, குணதிலக, பானபொக்க என்னும் மூவர். நமது பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள். இலங்கையிலே மக்கள் மருந்தாக உட்கொள்ளும் 50 மூலிகைகளை எடுத்து, பிரோலிசிடீன் அற்கலோயிட்டுகள் எனப்படும் ஒருவகைப் பொருள் அவற்றில் உண்டா என்று தேடியிருந்தார்கள். மூன்று மூலிகைகளில் உண்டு எனக் கண்டார்கள். ஒன்று வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் குடசப்பாலை. மற்ற இரண்டும் கிலுகிலுப்பையும் ஆவாரையும். அவற்றை எலிகளின் தீனியிலே கலந்து ஊட்டியபோது ஈரலிலே கலங்கள் மடிந்திருந்தன, நடு நாளங்கள் சிதைந்திருந்தன, இரத்தம் தேங்கியிருந்தது. நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் கூடக் கேடு காணப்பட்டது. ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலே நாட்பட்ட ஈரல் நோய்களும் ஈரற் புற்றுநோயும் மிகுதியாயிருப்பதற்கு இத்தகைய மூலிகைகளும் ஒரு பங்குக்குக் காரணமாகலாம் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள்.

நூலகத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. எனக்கு வியர்த்தது. மடியிலே காய்களைக் கட்டிக்கொண்டு நான் கொண்டுவந்த இலைகள் எத்தனை குழந்தைகளின் வாய்க்குள் போயின என்று எண்ணத் தொடங்கினேன்.

விடுமுறைக்கு வீடு வந்தபோது அந்தக் கட்டுரையைக் கையால் படியெடுத்து வந்திருந்தேன். மாலையிலே, வந்தோரெல்லாம் போனபின், திண்ணையில் இருந்து தமிழிலே விளக்கிச் சொன்னேன். இருபத்திரண்டு வயது, குரலில் கொஞ்சம் வெற்றியும் இருந்திருக்க வேண்டும். ஐயா இடையிலே பேசாமல் கேட்டார். முடிந்ததும் வெற்றிலைத் தட்டத்தை இழுத்துக்கொண்டு கேட்டார்:

"எலிக்கு எவ்வளவு குடுத்தவை? எத்தனை நாள்?"

சொன்னேன்.

"நான் குடுக்கிறது ஒரு கை பூ. நாலு பங்கு தண்ணி விட்டு ஒரு பங்காய் வத்த வைக்கிறது. எலி தீனியோடை தின்டது எவ்வளவு, மனிசன் குடிக்கிறது எவ்வளவு? அதை முதல் சொல்லு தம்பி."

நஞ்சையும் மருந்தையும் அளவே பிரிக்கிறது என்பது நச்சியலின் முதற் பாடம். ஐயா அதை எந்தக் கல்லூரியிலும் படித்தவர் அல்லர். நான் படித்தவன், ஆயினும் கட்டுரையை வாசித்தபோது அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. ஆகவே வேறொரு பக்கத்தால் தாக்கினேன்.

"ஐயா, நீங்கள் மருந்து குடுத்த ஆக்களுக்கு ரெண்டு மூண்டு வருசம் கழிச்சு என்ன நடந்ததெண்டு எழுதி வைச்சிருக்கிறியளோ?"

அவர் நெடுநேரம் பாக்கைச் சீவிக்கொண்டிருந்தார். பிறகு, "சுகம் வந்தவை திரும்பி வருவினம். வராதவை வரமாட்டினம்" என்றார்.

அதற்குமேல் அன்று இருவரும் பேசவில்லை. நான் வென்றதாக எண்ணிக்கொண்டு படுக்கப் போனேன்.

இந்த அற்கலோயிட்டின் இயல்பைச் சற்று விரித்துச் சொல்வது அவசியம். நம்மிடையே நாட்டு வைத்தியம் பற்றி நடக்கும் வாதங்கள் பெரும்பாலும் இந்த இடத்தை எட்டாமலே கூச்சலில் முடிந்துவிடுகின்றன. இப்பொருள் தன்னளவிலே பெரிய நஞ்சன்று. உடலினுள் புகுந்த அந்நியப் பொருளை மாற்றி வெளியேற்றுவது ஈரலின் தொழில். அந்தத் தொழிலைச் செய்யும் நொதியங்களே இதனைக் கொடிய பொருளாக மாற்றிவிடுகின்றன. பிறந்த இடத்திலேயே அது தன் வேலையைத் தொடங்குகிறது; கலத்தின் புரதங்களிலும் பாரம்பரியப் பொருளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஈரலின் நுண்ணிய குருதிப் பாதைகளின் உட்சுவர் சிதைகிறது. நடு நாளங்கள் அடைபடுகின்றன. குருதி வெளியேற வழியின்றி ஈரல் வீங்குகிறது; வயிற்றிலே நீர் கோக்கிறது. பெருமளவு உட்கொண்டால் சில வாரங்களில் இது நிகழலாம். சிறிது சிறிதாக உட்கொண்டால் மாதங்கள், ஆண்டுகள் செல்லும். முடிவிலே ஈரல் சுருங்கி இறுகும். காய்ச்சி வடிப்பதால் இந்த நஞ்சு போய்விடுவதும் இல்லை.

நமது முன்னோர் நஞ்சை அறியாதவர்கள் அல்லர். குன்றிமணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவரைக் குடும்பந்தான். அதன் விதையைச் சுத்தி செய்யாமல் மருந்திற் சேர்ப்பது குற்றம் என்று பரியாரிமார் விதித்தார்கள். தோலை நீக்கிப் பாலிலே அவிப்பார்கள். அதிலுள்ள நஞ்சு ஒரு புரதம் என்பதையும், வெப்பத்தால் அது கெட்டுவிடும் என்பதையும் ஆய்வுகூடம் பின்னர் கண்டது. காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். எப்படி முடிந்தது? குன்றிமணி நஞ்சு சில நாட்களுக்குள் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். செத்தவனும் தின்ற விதையும் ஒரே முற்றத்தில் கிடந்தால் எவனும் தொடர்பைக் கண்டுகொள்வான். தை மாதத்திலே குடித்த சாறு மறு ஆண்டு ஐப்பசியிலே வயிற்றை வீங்கவைத்தால், அதை யார் காண்பது? மகோதரம் வந்தது, விதி என்றார்கள், செய்வினை என்றார்கள், குடி என்றார்கள். பரம்பரை அனுபவம் கண்ணுக்குத் தெரிந்தவற்றைத் திரட்டிய பெருஞ்செல்வம். கண்ணுக்குத் தெரியாத வேகத்திலே நடப்பதைத் திரட்ட அதனிடம் கருவி இல்லை. இது முன்னோருக்கு இழுக்கு அன்று. ஐயாயிரம் ஆண்டு அனுபவம் என்று மேடையிலே முழங்குவோருக்குத்தான் இழுக்கு. அந்த அனுபவத்தின் எல்லை எங்கே என்று அவர்கள் ஒருபோதும் கேட்டதில்லை.

இது எலிகளோடு நின்ற கதையும் அன்று. யமேக்காத் தீவிலே ஏழைக் குழந்தைகள் வயிறு வீங்கி மாண்டுகொண்டிருந்தார்கள். 1954இலே பிராஸ், ஜெலிவ், ஸ்டுவர்ட் என்ற மருத்துவர்கள் அந்த நோயை விவரித்தனர். ஈரலின் நாளங்கள் அடைபடும் நோய். அங்குள்ள மக்கள் காட்டுச் செடிகளை அவித்துக் குடிக்கும் பச்சிலைத் தேநீரே அதன் மூலம். அவற்றுள் ஒன்று கிலுகிலுப்பையின் இனம். கரும்புத் தோட்டங்களின் செல்வம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிய தீவிலே, பாலுக்கு வழியற்ற தாய்மார் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது வேலியோரத்துச் செடியை நாடினார்கள். இந்தியாவின் மத்திய பிரதேசத்திலே சர்குஜா மாவட்டத்தில் 1975இல் அதே நோய் கொள்ளைநோய்போல் எழுந்தது. அது மருந்தால் வந்ததன்று. வயலிலே சிறுதானியத்தோடு களையாக வளர்ந்த கிலுகிலுப்பையின் விதை தானியத்திலே கலந்திருந்தது. 1976இல் வெளியான அறிக்கை 67 நோயாளரைக் குறிப்பிடுகிறது. அவர்களில் 28 பேர் மாண்டார்கள். களைந்தெடுக்க நேரமும், களைந்ததை எறிந்துவிட வசதியும் இருந்த வீடுகளிலே இந்த விதை உலைக்குப் போயிருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

கிலுகிலுப்பை இனத்திலே இந்த நஞ்சு உண்டு என்பது பல நாடுகளிலே, பலரால், பலமுறை உறுதி செய்யப்பட்ட செய்தி. ஆவாரையின் நிலை அவ்வாறு அன்று. ஆவாரைக்கு நெருங்கிய இனங்கள் இந்த அற்கலோயிட்டுக்குப் பேர்போனவை அல்ல. அதனாலே பேராதனை முடிவு வியப்பை அளிப்பது. வியப்பை அளிக்கும் முடிவு ஒன்று கிடைத்தால் விஞ்ஞானம் செய்யவேண்டியது என்ன? திரும்பச் செய்ய வேண்டும். வெவ்வேறு இடத்துச் செடியை எடுத்து, பூவை வேறாக, இலையை வேறாக, பட்டையை வேறாகப் பிரித்து, எந்தப் பொருள் எவ்வளவு என்று அளக்க வேண்டும். இத்தகைய நஞ்சின் அளவு செடியின் பகுதிக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறுவது. மக்கள் குடிப்பதுபோலவே காய்ச்சி வடித்த நீரையும் நெடுங்காலம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஐயா திண்ணையிலே கேட்ட கேள்வியின் விரிவே இவையெல்லாம்.

ஜேர்மனியிலே 1992இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். இந்த அற்கலோயிட்டு உள்ள மூலிகை மருந்துகளை ஒருவர் உட்கொள்ளும்போது, நஞ்சின் அளவு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது. அதுவும் ஆண்டுக்கு ஆறு வாரமே. அதற்கு மேலும் தொடர்ந்து உட்கொள்வதாயின் அந்த அளவிலும் பத்தில் ஒன்று. அவர்களுடைய பாட்டிமாரும் பச்சிலை அவித்தவர்களே. பாட்டியின் மீதுள்ள பற்றால் அளவையை விட்டுவிடவில்லை.

ஐயா 1989இன் முற்பகுதியில் காலமானார். அவருடைய ஏடுகளும் கொப்பிகளும் என்னிடம் வந்தன. 1983க்குப் பின் என் படிப்பு முடிந்த விதமும் நான் ஆசிரியனானதும் இங்கே வேண்டாத கதை. 1990இலே போர் மீண்டும் மூண்டது. பாதை அடைபட்டது. வடக்கின்மேல் பொருளாதாரத் தடை விழுந்தது. மண்ணெண்ணெய் இல்லை, சவர்க்காரம் இல்லை, மின்சாரம் இல்லை; மருந்தும் மட்டுமட்டாக வந்தது. சலரோகத்துக்கு அன்றாடம் மாத்திரை விழுங்கியோர் கிழமைக்கு இரண்டு, பிறகு கிழமைக்கு ஒன்று என்று குறைத்து, முடிவிலே வெறும் பெட்டியை வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர்கள் எங்கள் திண்ணையை நினைத்தார்கள். பரியாரியார் இல்லாவிட்டால் என்ன, பரியாரியாரின் மகன் இருக்கிறான், விஞ்ஞானமும் படித்தவன்.

நான் கொடுத்தேன். அந்தக் கட்டுரையின் படி என் அலுமாரியிலே இருந்தது. ஏறிய சீனி இன்றே கண்ணைக் கெடுக்கும், காலை அழுகச் செய்யும். ஈரல் எப்போதோ கெடலாம், கெடாமலும் போகலாம். இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொன்னேன். இன்றும் அந்த நியாயம் முற்றிலும் பொய் என்று எனக்குப் படவில்லை. ஆயின் வந்தவர்களிடம் அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. இன்னது நன்மை, இன்னது ஐயம், நீங்களே தீர்மானியுங்கள் என்று ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. ஐயாவின் பெயரால் அவர்கள் வைத்த நம்பிக்கையை அந்த நெருக்கடியிலே உடைக்க மனம் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அந்த நம்பிக்கை எனக்கு இதமாயிருந்தது.

அளவு பார்ப்பதற்காக ஐயாவின் கொப்பிகளைப் புரட்டியபோதுதான் ஒன்றைக் கண்டேன். யாருக்கு எந்த மருந்து என்று அவர் நாள்தோறும் குறித்திருந்தார். கிலுகிலுப்பைச் சாறு பழைய கொப்பிகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 1982 ஆவணிக்குப் பிறகு ஓரிடத்திலும் இல்லை. குழந்தைகளுக்கு வேறு மருந்து. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னவர் அல்லர். ஆவாரை மட்டும் தொடர்ந்திருந்தது. ஆனால் அதன் எதிரே, அதற்கு முன் இல்லாத ஒன்றாக, மாதக் கணக்கு குறிக்கப்பட்டிருந்தது. மூன்று மாதம் என்று ஒருவருக்கு. நாலு மாதம், இனி நிறுத்து என்று இன்னொருவருக்கு. அன்றிரவு திண்ணையிலே வென்றது யார் என்பது ஒன்பது வருடம் கழித்து எனக்குத் தெரிந்தது.

அதைக் கண்ட பின்னும் நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மாற்று என்ன?

அடுத்த ஒழுங்கையிலே ஒரு மாமி இருந்தார். உறவு முறை அல்ல; ஊர் முறையில் மாமி. 1991இலிருந்து ஐந்து ஆண்டுகள் நாள் தவறாமல் என்னிடம் பூ வாங்கி அவித்துக் குடித்தவர். 1995இலே வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து எங்கள் பக்கத்துக்கும் வந்தபோது, தம் வீட்டிலே நான்கு குடும்பங்களை வைத்துச் சமைத்துப்போட்டவர். 1996இன் இறுதியிலே அவருக்கு வயிறு வீங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. நானே சைக்கிளில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இளம் டொக்டர் ஒருவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, ஈரல் சுருங்கியிருக்கும் போல் தெரிகிறது என்றார். மாமி மது அறியாதவர். அக்காலத்து அந்த இடத்திலே ஈரலின் துணுக்கை எடுத்துச் சோதிக்க வகை இல்லை. வேறு நோய்களாலும் ஈரல் சுருங்கும். சலரோகத்தோடு கூடிய ஈரற் கொழுப்பினாலும் சுருங்கும். டொக்டர் கேட்டார்: "நாட்டு மருந்து ஏதும் குடிக்கிறனீங்களோ அம்மா?"

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு டொக்டரிடம், "இல்லை ஐயா" என்றார்.

நான் பக்கத்திலே நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அவர் 1997 மாசியிலே இறந்தார். ஆவாரையால் இறந்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அதனால் இறக்கவில்லை என்று சொல்வதற்கான ஆதாரம் கிடைக்கக்கூடிய ஒரே தருணத்தில் நான் வாயை மூடிக்கொண்டேன். இதை எழுதாமல் இருந்த காரணம் இதுதான்.

இனிக் கொழும்புக் கடைப் பெட்டிக்கு வருவோம். மூலிகை ஒன்று பரிசோதிக்கப்பட்டது என்னும்போது, பெரும்பாலும் உடனடி நச்சுச் சோதனையையே சொல்கிறார்கள். ட்ரெவன் என்ற ஆங்கிலேயர் 1927இலே வகுத்த முறையின் வழிவந்தது அது. எத்தனை அளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்று அக்காலத்திலே பார்த்தார்கள். விலங்குகளை வீணே கொல்லும் அந்தப் பழைய விதியைப் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவகம் 2002இன் இறுதியில் கைவிட்டது. இப்போது சில எலிகளே போதும். நிறை கிலோ ஒன்றுக்கு 2,000 அல்லது 5,000 மில்லிகிராம் ஒரே முறையில் கொடுத்து, பதினான்கு நாள் பார்த்து, எலி சாகவில்லையானால் அந்த அளவு வரை உடனடி நச்சு இல்லை என்று எழுதுகிறார்கள். எழுதுவது பிழையன்று. அந்த வாசகத்திலுள்ள ‘உடனடி’ என்ற சொல் ஆய்வுகூடத்திலிருந்து தொழிற்சாலைக்கும், தொழிற்சாலையிலிருந்து பெட்டிக்கும் வரும் வழியிலே எங்கோ விழுந்துவிடுகிறது. மெல்லக் கொல்லும் பொருளைப் பதினான்கு நாளிலே பிடிக்க முயல்வது, மாரி மழையை ஒரு நாள் வெயிலில் நின்று அளப்பது போன்றது. இருபத்தெட்டு நாள் சோதனையும் தொண்ணூறு நாள் சோதனையும், மரபணுவைத் தாக்குமா என்று காணும் சோதனையும் உள்ளன. முறைகளும் விதிகளும் அச்சிலே இருக்கின்றன. செய்வதற்குப் பணமும் காலமும் வேண்டும்.

அந்தப் பணத்தை யார் கொடுப்பார்? வேலியிலே வளரும் செடிக்கு ஏகபோக உரிமை கேட்க முடியாது. ஆகவே பெரிய மருந்துக் கம்பனிக்கு அதிலே அக்கறை இல்லை. பெட்டியில் அடைத்து விற்பவனுக்கோ ஆராய்ச்சியால் இலாபம் இல்லை, நட்டமே வரக்கூடும். எஞ்சியிருப்பது பொதுப் பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகமும் அரசாங்க ஆராய்ச்சி நிலையமுமே. பேராதனை மூவரும் அப்படிப்பட்ட பணத்திலே, மக்கள் குடிப்பதை மக்களுக்காக ஆராய்ந்தார்கள். தேசப்பற்று என்ற சொல்லுக்குப் பொருத்தமான செயல் அது என்று நான் கருதுகிறேன். ரணவராவைக் குறை கூறுவது சிங்களப் பண்பாட்டைக் குறை கூறுவதாகும் என்போரும், ஆவாரையை ஐயுறுவது சித்தரை ஐயுறுவதாகும் என்போரும் ஒரே தட்டத்தில் சாப்பிடலாம்.

ஆசிரியராயுள்ள நண்பர்களுக்கு ஒரு செய்தி. எலிச் சோதனைக்கு நம்மிடம் கூடம் இல்லை. ஆயின் ஐயாவின் கொப்பியிலே கடைசி ஏழு ஆண்டுகளில் தோன்றிய அந்த மாதக் கணக்கை வைப்பதற்குக் கூடம் வேண்டியதில்லை. யார், எந்தச் செடியின் எந்தப் பகுதியை, எவ்வளவு, எத்தனை காலம் குடிக்கிறார். பிறகு அவருக்கு என்ன ஆயிற்று. முக்கியமாக, திரும்பி வராதவருக்கு என்ன ஆயிற்று. ஒரு பாடசாலையின் உயர்தர மாணவர்கள் தத்தம் ஒழுங்கையிலே இதைக் கேட்டு எழுதினால், அடுத்த ஆய்வாளருக்கு எங்கே தேடுவது என்று தெரியும். ஓய்வு பெற்ற பின் நான் இதைத்தான் செய்து வருகிறேன். கொப்பி இப்போது மூன்றாவது.

2022இலே நாடே கடனில் முழுகி, ஆசுப்பத்திரிகளில் மருந்து தட்டுப்பட்டபோது, ஊரிலே மறுபடியும் ஆவாரைப் பேச்சு எழுந்தது. என்னிடம் படித்த ஒரு பெண், இப்போது இரண்டு பிள்ளைகளின் தாய், தன் தாயாருக்குப் பூ கேட்டு வந்தாள். தாயார் ஏற்கெனவே எட்டு மாதமாகக் குடிக்கிறாராம். இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன். எலி, யமேக்கா, ஐயா, அளவு தெரியாமை, சீனி ஏறினால் வரும் கேடு, எதையும் விடவில்லை. மாமியின் கதையையும் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப மாத்திரை எப்ப வரும் சேர்?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: ஆவாரம்பூக் குடிநீர், நாளொன்றுக்கு ஒரு கோப்பை, எட்டு மாதம், ஈரலுக்கான இரத்தச் சோதனை செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன். கீழே என் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த கிளினிக் நாளிலே டொக்டரிடம் கொடுக்கச் சொன்னேன். டொக்டர் வாசித்துவிட்டுச் சிரிக்கவில்லையாம். சோதனைக்கு எழுதிக் கொடுத்தாராம். அந்தத் துண்டைத் தாதியர் ஒருவர் தாயாரின் கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்திலே பசை பூசி ஒட்டிவிட்டதாக அவள் வந்து சொன்னாள்.